டி.டி.எஸ். மீட்டருக்குத் தெரியாத அழுக்கு

நம்ம கொங்குப் பக்கம் தண்ணீரைப் பற்றிப் பேச்செடுத்தால் முதல் கேள்வியே "போர்ல டி.டி.எஸ். எவ்வளவுங்க?" என்பதுதான். டி.டி.எஸ். என்றால் தண்ணீரில் கரைந்திருக்கும் உப்புகளின் மொத்த அளவு, லிட்டருக்கு இத்தனை மில்லிகிராம் என்று. அவிநாசி, பல்லடம், காங்கேயம், வெள்ளகோவில் என்று எங்கே போனாலும் இதே கேள்வி. ஆயிரத்து ஐந்நூறு, இரண்டாயிரம் என்று பதில் வரும். சிறுவாணித் தண்ணீர் குடிப்பவர்கள் முகத்தில் ஒரு பெருமை தெரியும். ஆர்.ஓ. மெஷின் விற்க வருபவர் டம்ளரில் மீட்டரை விட்டுக் காட்டி, "நாப்பதுக்கு எறங்கிருச்சுங்க, இனிக் கவலையே இல்ல" என்று சொல்லிவிட்டுப் போவார். அந்த ஒரு எண்ணின் மீது நாம் வைத்திருக்கும் நம்பிக்கை அளவுக்கு மீறியது என்பது என் கருத்து. இதற்குச் சாட்சியாக நான் அழைக்கப் போவது துருவப் பனியாறுகளை.

மீட்டர் அளப்பது தண்ணீரில் மின்சாரம் எவ்வளவு எளிதாகப் பாய்கிறது என்பதைத்தான். கரைந்த உப்பு அதிகமானால் எண் ஏறும். என்ன உப்பு, அதோடு வேறு என்ன இருக்கிறது என்பதெல்லாம் அதற்குத் தெரியாது. துருவப் பனியாற்றின் மேற்பரப்பில் உருகி ஓடும் நீரில் இந்த மீட்டரை விட்டால் பெரும்பாலும் ஒற்றை இலக்கம்தான் வரும். நம் ஆர்.ஓ. வியாபாரியின் கணக்குப்படி உலகத்திலேயே தங்கமான தண்ணீர். ஆனால் ஈயம், பாதரசம், கந்தக அமிலம், புகைக்கரி, பூச்சிமருந்து என்று அந்தப் பனியில் கண்டுபிடிக்காத பொருள் குறைவு. ஆலையோ வயலோ இல்லாத அந்த இடத்துக்கு இவற்றில் பெரும்பகுதி காற்றுவழியாகத்தான் போய்ச் சேர்ந்தது.

ஈயத்தின் கதையை எடுத்துக்கொள்வோம். பூமியின் வயதைக் கணித்துச் சொன்ன அமெரிக்க விஞ்ஞானி கிளேர் பேட்டர்சன், அதே கவனத்தோடு கிரீன்லாந்துப் பனியையும் அளந்தார். அவரும் உடன் வேலை செய்தவர்களும் 1969-இல் வெளியிட்ட முடிவு இது: கி.மு. 800 வாக்கில் விழுந்த பனியில் இருந்த ஈயத்தைப் போல் சுமார் 200 மடங்கு, 1960களில் விழுந்த பனியில் இருந்தது. உலோகம் உருக்கிய உலைகளும் ஈயம் கலந்த பெட்ரோலும் செய்த வேலை. அவ்வளவு ஏறியும், ஒரு கிலோ பனியில் அது ஒரு மில்லிகிராமில் ஐயாயிரத்தில் ஒரு பங்குதான். டி.டி.எஸ். மீட்டர் அசைந்துகூடக் கொடுக்காது.

தென்துருவக் கதை இன்னும் அழுத்தமானது. அண்டார்டிகா முழுக்கப் பல இடங்களில் எடுத்த பனி மாதிரிகளில், தொழிற்சாலை ஈயம் 1889 வாக்கிலேயே தெரிய ஆரம்பிக்கிறது. அதன் ஐசோடோப்பு அடையாளம் (எந்தத் தாதுவிலிருந்து வந்தது என்று காட்டும் கைரேகை மாதிரி) ஆஸ்திரேலியாவின் புரோக்கன் ஹில் சுரங்கத் தாதுவோடு பொருந்துகிறது. நார்வேக்காரர் அமுண்ட்சென் முதல் ஆளாகத் தென்துருவத்தில் கால் வைத்தது 1911 டிசம்பரில். மனிதன் துருவத்தை அடைவதற்கு இருபது வருடம் முன்பே அவன் உலைப்புகை அந்தக் கண்டத்துக்குப் போய்விட்டது!

வட துருவத்துக்கு அழுக்கு அதிகம் போவது குளிர்காலத்திலும் வசந்தத்திலும். ஐரோப்பா, ரஷ்யா பக்கத்துப் புகை வடக்கே நகர்ந்து, மழையும் வெயிலும் குறைந்த அந்தக் காற்றில் வாரக்கணக்கில் தங்கிப் பனியோடு இறங்குகிறது. 2006 வசந்தத்தில் கிழக்கு ஐரோப்பிய விவசாயிகள் வயலில் வைத்த தீயின் புகை வட துருவத்துக்குப் பக்கத்திலுள்ள நார்வேயின் ஸ்வால்பார்ட் தீவுகள் வரை போய், அங்கே அதுவரை இல்லாத அளவுக்குக் காற்றை மாசாக்கியது. நம் நாட்டின் ஹிமாத்ரி ஆய்வு நிலையம் 2008-இல் திறக்கப்பட்ட நி-ஆலசுண்ட் அந்தத் தீவுகளில்தான் இருக்கிறது. சத்தியமங்கலம், கோபி பக்கம் கரும்புத் தோகைக்குத் தீ வைப்பவர்கள் இதைத் தெரிந்துகொள்வது நல்லது. நம் தோகைப் புகை நேராக வட துருவம் போகிறது என்று நான் சொல்லவில்லை. அங்கே தரையோரம் சேரும் அழுக்கில் பெரும்பங்கு வடக்கு நாடுகளுடையது. புகை தன் ஊரிலேயே நின்றுவிடும் என்கிற எண்ணத்துக்கு இடமே இல்லை என்கிறேன்.

இனி தண்ணீர் வேதியியலுக்கு வருகிறேன். எனக்கு மிகவும் முக்கியமாகப் படும் பகுதி இது. சுத்தமான மழை நீரே காற்றிலுள்ள கரியமில வாயுவைக் கரைத்துக்கொண்டு லேசான அமிலமாக, பி.எச். 5.6 அளவில்தான் இருக்கும் (பி.எச். 7 என்றால் நடுநிலை; எண் இறங்க இறங்க அமிலம் கூடும்). நிலக்கரிப் புகையின் கந்தகமும் வண்டிப்புகையின் நைட்ரஜன் ஆக்சைடுகளும் கலந்தால் அது இன்னும் இறங்கும். நம் ஊரில் அந்த அமிலத்தின் வேகம் பெரும்பாலும் தெரிவதில்லை. மண்தூசியில் சுண்ணாம்புச் சத்து இருக்கிறது. நம்முடையதோ பல இடங்களில் சுக்கான் பூமி, அதாவது சுண்ணாம்புக்கல் கலந்த மண். குக்கரின் அடியில் வெள்ளையாகப் படியவைக்கும் அதே சுண்ணாம்புதான் அமிலத்தையும் அடக்குகிறது. உப்புத்தண்ணீர் என்று நாம் சலித்துக்கொள்ளும் நீருக்கு இந்த வலு உண்டு. பனிக்கட்டியின் மேல் மண்ணும் இல்லை, சுக்கானும் இல்லை. விழுந்த அமிலம் அப்படியே கிடக்கும். டி.டி.எஸ். குறைவாக இருப்பதுதான் அந்த நீரின் பலவீனம்.

கோடை வந்து பனி உருகும்போது சேர்ந்த அழுக்கு மாதக்கணக்கில் பிரிந்து பிரிந்து வருவதில்லை. பனித்துகள்களின் ஓரத்தில் ஒதுங்கியிருக்கும் அமிலமும் உப்பும் முதல் உருகலிலேயே கழுவப்பட்டுவிடும். முதல் மூன்றில் ஒரு பங்கு நீரிலேயே பாதிக்கு மேல் அழுக்கு போய்விடுவதை ஆய்வுகள் காட்டியிருக்கின்றன. நொய்யலில் முதல் புதுவெள்ளம் நுரை தள்ளிக்கொண்டு வருவதைப் பார்த்தவர்களுக்கு இதை விளக்கிச் சொல்லவே வேண்டாம்.

பூச்சிமருந்துகளின் பயணம் வேறு மாதிரி. வெப்ப நாட்டில் ஆவியாகி, குளிர்ந்த இடத்தில் படிந்து, மறுபடி ஆவியாகி, கடைசியில் வெளியேற முடியாத குளிரில் போய்த் தங்கிவிடும். அண்டார்டிகா பென்குயின்களின் உடலில் டி.டி.டி. இருப்பது 1960களிலேயே தெரிந்துவிட்டது. பருத்திக்கும் காய்கறிக்கும் அடித்த எண்டோசல்பான் ஆர்க்டிக் காற்றில் கிடைத்தது, 2011-இல் அதை உலகளவில் தடைசெய்யச் சொன்ன காரணங்களில் ஒன்று. அதே ஆண்டு நம் உச்ச நீதிமன்றமும் அதை நிறுத்தியது. அந்தப் பனிநீரை ஒரு டம்ளர் குடித்தால் யாருக்கும் ஒன்றும் ஆகாது. ஆனால் இந்த மருந்துகளும் பாதரசமும் பாசியில் தொடங்கி மீன், சீல், பனிக்கரடி என்று ஏற ஏற உடலில் சேர்ந்துகொண்டே போகும். சீல், திமிங்கிலம் தின்று வாழும் ஆர்க்டிக் பூர்வகுடிகளான இனுயிட் தாய்மார்களின் பாலில் வரைக்கும் இந்த ரசாயனங்கள் வந்தன. எந்த ஆலையும் நடத்தாத மக்கள் அவர்கள்!

சட்டம் போட்டு என்ன ஆகப்போகிறது என்று கேட்பவர்களுக்கும் அதே பனியில் பதில் இருக்கிறது. 1970களிலிருந்து பெட்ரோலில் ஈயத்தைக் குறைத்தார்கள். சுமார் இருபதே வருடத்தில் கிரீன்லாந்தில் புதிதாக விழுந்த பனியில் ஈயம் ஏழில் ஒரு பங்காக இறங்கிவிட்டது. இந்தியா 2000-இல் நிறுத்தியது; கடைசி நாடான அல்ஜீரியா 2021-இல் நிறுத்தியது.

சரி, நம் கதைக்கு வருவோம். திருப்பூர்ச் சாயக்கழிவு செய்த கேடு பெரும்பாலும் உப்பாகவே கிணற்றில் இறங்கியதால், டி.டி.எஸ். மீட்டர் அதைப் பிடித்துக் காட்டியது. நொய்யலில் உள்ள ஒரத்துப்பாளையம் அணைக்குக் கீழே இருந்த விவசாயிகள் விடாமல் போராடியதால்தான் 2011 ஜனவரியில் உயர் நீதிமன்றம் சாயப்பட்டறைகளை மூடச் சொல்லும் அளவுக்கு விஷயம் போனது. அந்தப் போராட்டத்துக்கு அந்த எண் ஒரு ஆயுதம். காற்றுவழியாக வருவதற்கு அது உதவாது. குடிநீரில் ஈயம் லிட்டருக்கு 0.01 மில்லிகிராம், பாதரசம் 0.001 மில்லிகிராம் தாண்டக் கூடாது என்கிறது இந்தியத் தரநிர்ணயம். வீட்டு மீட்டரின் மிகச் சிறிய படியே 1 மில்லிகிராம். வரம்பைப் பத்து மடங்கு தாண்டிய ஈயம் இருந்தாலும் அது வாயைத் திறக்காது.

பாய்லர்களும் ஃபவுண்டரிகளும் கிரஷர்களும் நிறைந்த ஊர் நம்முடையது. மொட்டைமாடியில் விழும் மழையைத் தொட்டியில் பிடிக்கிறோம், குடிக்கிறோம், மீட்டர் முப்பது காட்டினால் மகிழ்கிறோம். வருடத்தின் முதல் மழையையாவது தொட்டிக்கு விடாமல் வெளியே ஓடவிடுங்கள். தண்ணீரைப் பரிசோதனைக்குக் கொடுக்கும்போது டி.டி.எஸ்., கடினத்தன்மையோடு நிறுத்தாமல், கன உலோகங்களையும் பார்த்துத்தரச் சொல்லிக் கேளுங்கள்.

அப்புறம், அரசிடம் கேட்க வேண்டியதும் ஒன்று இருக்கிறது. மழைநீரின் வேதியியலைத் தொடர்ந்து அளக்க இந்திய வானிலைத் துறை வைத்திருக்கும் நிலையங்களில் நமக்குப் பக்கத்தில் இருப்பது கொடைக்கானல். மலை உச்சியில் பிடித்த மழை கோவை சிட்கோ தொழிற்பேட்டையின் மழையைப் பற்றியோ, பெருந்துறை சிப்காட்டின் மழையைப் பற்றியோ எதுவும் சொல்லாது. கோவை, திருப்பூர், ஈரோடு, கரூர், நாமக்கல் ஒவ்வொன்றிலும் குறைந்தது ஓரிடத்தில் மழையைப் பிடித்து, பி.எச்., சல்பேட், நைட்ரேட், ஈயம், பாதரசம் அளந்து, மாதாமாதம் மக்கள் பார்க்கும்படி வெளியிட வேண்டும். கல்லூரிகளும் வேளாண் பல்கலைக்கழகமும் உள்ள இந்தப் பகுதியில் அதற்கு ஆளும் உண்டு, ஆய்வுக்கூடமும் உண்டு. வரும் வடகிழக்குப் பருவமழைக்கு முன்னாலேயே தொடங்கலாம்.