சோதித்துப் பார்க்காத தகட்டை எதற்காக விற்கிறீர்கள்?

அரித்தெடுத்த உலோகத் தகட்டுத் துண்டுகளை மடித்து, பற்றவைத்துக் கட்டும் மாதிரி ரயில் எஞ்சின் ஒன்றின் பாகங்களைப் பெட்டியாக வாங்கினேன். நேற்று இரவு நான்காவது முறையாக அதன் அடிச்சட்டத்தின் பற்றாசை உருக்கிப் பிரித்தேன். விரலால் தள்ளினால் ஆறு சக்கரங்களும் கொஞ்ச தூரம் உருள்கின்றன. பிறகு சுற்றுக்குச் சுற்று அதே இடங்களில் இறுகி நின்றுவிடுகின்றன. இரு பக்கத்துக் கிராங்குகளுக்கும் (சக்கரத்தில் தண்டைப் பூட்டும் இடங்களுக்கும்) இடையே 90 டிகிரி சரியாக இருக்கிறதா என்று பார்ப்பதிலேயே மூன்று மாலைகள் போயின. என் கைதான் பிசகிவிட்டது என்று என்னையே நொந்துகொண்டிருந்தேன். கடைசியில் காலிப்பர் என்ற அளவுகருவியை வைத்து அளந்தபோதுதான் வயிறு எரிந்தது.

நான் கட்டுவது பிரிட்டனின் கிரேட் வெஸ்டர்ன் ரயில்வேயின் 5700 வகுப்பு பேனியர் டேங்க், அதாவது கொதிகலனின் இரு பக்கமும் தண்ணீர்த் தொட்டி தொங்கும் நீராவி எஞ்சின். 1929 முதல் 1950 வரை 863 எஞ்சின்கள் கட்டப்பட்ட வகுப்பு அது. முன் அச்சுக்கும் நடு அச்சுக்கும் இடையே 7 அடி 3 அங்குலம், நடு அச்சுக்கும் பின் அச்சுக்கும் இடையே 8 அடி 3 அங்குலம். மாதிரிக்கு, அடிக்கு 4 மில்லிமீட்டர் என்ற கணக்கில் அவை 29, 33 என்று முழு எண்களாகவே வந்து விழுகின்றன. இதில் தவறு செய்ய எங்கே இடமிருக்கிறது? பெட்டியில் வந்த சட்டத்தில் 29 சரியாக இருக்கிறது. சக்கரங்களைக் கோக்கும் இணைப்புத் தண்டிலோ துளைக்குத் துளை 28.7தான் வருகிறது. சட்டத்தையும் தண்டையும் தனித்தனியாக வரைந்திருக்கிறார்கள். அச்சு மையங்களை ஒரே கோட்டிலிருந்து இரண்டுக்கும் நகலெடுத்திருந்தால் இந்தப் பிழை பிறந்தே இருக்காது.

விற்றவருக்கு எழுதினேன். “துளையைக் கொஞ்சம் அகலமாக்கிக்கொள்ளுங்கள்” என்று ஒரே வரியில் பதில் வந்தது. அகலமாக்கினால் தண்டு தளர்ந்து ஆடும், எஞ்சின் வெட்டி வெட்டி ஓடும் என்பது வண்டி கட்டி விற்பவருக்குத் தெரியாதா?

நானும் தகடு வரைகிறவன்தான். அதனால்தான் இவ்வளவு கோபம் வருகிறது. ஒளிப்படலம் பூசிய தகட்டை இரு பக்கமும் ஃபிலிம் வைத்து ஒளியூட்டி, ஃபெர்ரிக் குளோரைடில் அரிக்கும்போது, அந்தக் கரைசல் ஆழத்தில் மட்டுமல்லாமல் பக்கவாட்டிலும் தின்னும் என்பதால், துளை வரைந்ததைவிடப் பெரிதாகவும், செருகு நாக்கு சிறிதாகவும் வரும். அதற்கு இடம்விட்டு வரைய வேண்டும். மடிப்புக் கோட்டை மடிப்பின் உட்பக்கத்தில் பாதி ஆழத்துக்கு அரிக்க வேண்டும்; இந்தப் பெட்டியில் இரண்டு கோடுகள் வெளிப்பக்கத்தில் இருந்ததால், மடித்த இடத்தில் தகடு விரிசல் விட்டுக் கையோடு வந்துவிட்டது. இந்த அளவு மாதிரிகளுக்குத் தண்டவாள அகலம் 16.5, 18.2, 18.83 மில்லிமீட்டர் என்று மூன்று விதமாக இருக்கும்போது, சட்டத்தின் இரு பக்கங்களையும் விலக்கிப் பிடிக்கும் இடைத்தகடு மட்டும் 16.5க்கே வந்திருக்கிறது. தகடு என்னவோ நல்ல ஜெர்மன் சில்வர், அதாவது செம்பு, நிக்கல், துத்தநாகக் கலவை. பித்தளையைப் போலச் சூட்டை வாரிக்கொண்டு ஓடாமல் பற்றாசை அழகாக ஏற்கும் உலோகம். அதை இப்படி வீணாக்கியிருக்கிறார்களே என்று நினைக்கும்போது மனம் பதறுகிறது.

ஒரே ஒரு சோதனைத் தகடு அரித்து, வரைந்தவரே தன் மேசையில் அதைக் கட்டி, மோட்டார் பூட்டி ஓட்டிப் பார்த்திருந்தால் இவை அத்தனையும் ஒரே மாலையில் அம்பலமாகியிருக்கும். செலவாகும் என்பார்கள். ஆகட்டும், விலையில் சேர்த்துக்கொள்ளுங்கள், தருகிறேன். சக்கரம், மோட்டார், கியர்பாக்ஸ் எதுவும் பெட்டியில் இல்லை. அவற்றைத் தனியே வாங்க, பெட்டியின் விலையைவிட அதிகமாக ஏற்கெனவே கொட்டியிருக்கிறேன். அதற்கு மேல் உங்கள் சோதனையையும் என் மேசையில், என் இரவுகளில், என் காசில் நடத்துவது எந்த ஊர் நியாயம்? முதல்முறையாகத் தகடு கட்டும் ஒருவர் கையில் இந்தப் பெட்டி கிடைத்திருந்தால், தனக்குத்தான் கைவரவில்லை என்று நம்பி, சால்டரிங் அயர்னை உள்ளே வைத்துவிட்டுப் போயிருப்பார். அப்படிப் போனவர்கள் இருவரை எனக்குத் தெரியும்.

தண்டுகளை நானே புதிதாக வரைந்துவிட்டேன், 29, 33 என்று. இரண்டு சிறு துண்டுகளுக்காக ஒரு முழுத் தகட்டுக்கான கட்டணத்தையும் ஃபிலிம் செலவையும் கட்டி நாளை அரிக்கக் கொடுக்கிறேன். அந்த ரசீதை விற்றவருக்கே அனுப்பப்போகிறேன், காலிப்பர் அளவுகளின் படங்களையும் சேர்த்து.