ஹாட்டேர் ரத்தப் பரிசோதனை மேமோகிராமுக்கு மாற்று அல்ல

பிரிக்ஃபீல்ட்ஸ், செந்தூல் பக்கத்துக் குடும்பப் புலனக் குழுக்களில் ஒரு செய்தி சுற்றுகிறது: "மார்பகப் புற்றுநோயை உண்டாக்குவது ஹாட்டேர் என்ற ஆர்.என்.ஏ. ரத்தத்தில் அது இல்லையென்றால் மேமோகிராமே வேண்டாம்." இது தவறு.

ஹாட்டேர் கற்பனையல்ல. ஆர்.என்.ஏ என்பது நம் செல்களில் மரபணுவிலிருந்து படியெடுக்கப்படும் மூலக்கூறு. 200 நியூக்ளியோடைடுகளுக்கு (ஆர்.என்.ஏ சங்கிலியின் கண்ணிகளுக்கு) மேல் நீண்டிருந்தும் புரதம் உருவாக்காத ஆர்.என்.ஏ வகையைச் சேர்ந்தது அது. எந்த மரபணு இயங்க வேண்டும், எது அடங்க வேண்டும் என்பதில் இந்த வகைக்குப் பங்குண்டு. மார்பகக் கட்டியில் ஹாட்டேர் மிகுந்திருந்தால் நோய் மற்ற உறுப்புகளுக்குப் பரவும் வாய்ப்பு கூடுவதை 2010இல் 'நேச்சர்' இதழில் வந்த ஆய்வு காட்டியது. கவனியுங்கள், அந்தப் பெண்கள் ஏற்கெனவே நோயாளிகள். அளந்ததும் கட்டியின் திசுவில்தான். நலமாக இருப்பவரின் ரத்தத்தைப் பார்த்து "உங்களுக்கு ஒன்றுமில்லை" என்று சொல்ல அந்த ஆய்வில் ஆதாரமே கிடையாது.

ஒரே மூலக்கூறின் மேல் பழியைப் போடுவதும் சரியல்ல. மாலாட்1 என்ற இன்னொரு நீண்ட ஆர்.என்.ஏவைக் குறைத்தபோது எலிகளில் நோய்ப் பரவல் தணிந்ததாக 2016இல் ஓர் ஆய்வு சொன்னது. 2018இல் வந்த வேறோர் ஆய்வு, அது இல்லாதபோதுதான் பரவல் கூடுகிறது என்றது. அறிவியலாளர்களே இன்னும் விவாதிக்கும் விஷயம் இது.

மலேசியாவில் மார்பகப் புற்றுநோயாளிகளில் ஏறக்குறைய பாதிப் பேருக்கு மூன்றாம், நான்காம் கட்டத்தில்தான் நோய் கண்டறியப்படுகிறது. அதனால்தான் இந்தச் செய்தி எனக்குக் கோபமூட்டுகிறது. கட்டி, தோல் சுருக்கம், காம்பில் கசிவு தெரிந்தால் உடனே அருகிலுள்ள கிளினிக் கெசிஹாத்தானுக்கு (அரசு சுகாதார மருந்தகத்துக்கு) போங்கள். மேமோகிராமுக்கான எல்.பி.பி.கே.என் (தேசிய மக்கள்தொகை, குடும்ப மேம்பாட்டு வாரியம்) உதவித்தொகை பற்றியும் கேளுங்கள்.