வேளாண்மை படித்தால் வேலை கிடைக்குமா என்று கேட்கும் பெற்றோருக்கும் பிள்ளைகளுக்கும்

பிளஸ் டூ முடிவு வந்து கலந்தாய்வு தொடங்கிவிட்டால் எனக்கு வரும் அழைப்புகளில் பெரும்பாலானவை இந்த ஒரே கேள்வியைத்தான் சுமந்து வருகின்றன: "பி.எஸ்சி. வேளாண்மையில் சேர்க்கலாமா சார், வேலை கிடைக்குமா?" விழுப்புரம் மாவட்டத்தில், உழவர்களே பங்குதாரர்களாகச் சேர்ந்து நடத்தும் ஓர் உழவர் உற்பத்தியாளர் நிறுவனத்தில் பணியாற்றுகிறேன். கள அலுவலர்களைத் தேர்ந்தெடுப்பதும் என் பொறுப்புதான். அதனால் இதை வேலை கொடுப்பவன் பக்கத்திலிருந்து எழுதுகிறேன்.

தாராளமாகச் சேருங்கள். ஆனால், சேர்ந்த மறுநாளே அரசுத் தேர்வுக்கான பயிற்சிப் புத்தகத்தைக் கையில் கொடுத்து அறைக்குள் உட்கார வைத்துவிடாதீர்கள். டிஎன்பிஎஸ்சி நடத்தும் வேளாண்மை அலுவலர் தேர்வு, வங்கிகளின் வேளாண் கள அலுவலர் பணி, ஊரக வளர்ச்சி வங்கியான நபார்டு என்று நல்ல வாய்ப்புகள் இருக்கின்றன, மறுக்கவில்லை. இடங்கள் கொஞ்சம், போட்டியிடுபவர்கள் ஏராளம். அறிவிப்பு எப்போது வரும் என்று காத்திருந்தே இளமையில் பல ஆண்டுகளைத் தொலைத்தவர்களை நான் அறிவேன். அவர்களில் பலர் மிகவும் கெட்டிக்காரர்கள் என்பதுதான் என் வருத்தம்.

தனியார் துறையில் விதை, உரம், பூச்சிமருந்து, சொட்டுநீர் நிறுவனங்களும் சர்க்கரை ஆலைகளின் கரும்புப் பிரிவும் ஆள் எடுத்துக்கொண்டேதான் இருக்கின்றன. அவற்றில் பல வேலைகள் பெயரளவில் களப்பணி, உண்மையில் விற்பனை. நான் முதலில் சேர்ந்த நிறுவனத்தில் மாலை அழைப்பின் முதல் கேள்வி இன்று எத்தனை பெட்டி போனது என்பதாகத்தான் இருக்கும். பயிர் எப்படி இருக்கிறது என்று யாரும் கேட்டதில்லை. விற்பனை தாழ்ந்த தொழில் என்று சொல்லவில்லை. அதற்கான மனத்தயாரிப்போடு போக வேண்டும். பையோடும் பைக்கோடும் மாத இலக்கைத் துரத்த வேண்டியிருக்கும் என்பதைக் கல்லூரியிலேயே யாராவது சொல்லிவிட வேண்டும்.

இனி, நான் என்ன பார்த்து ஆள் எடுக்கிறேன் என்பதைச் சொல்கிறேன். எங்கள் பக்கம் நிலக்கடலை அதிகம். நேர்காணலுக்கு வருபவர் முன்னால் மஞ்சளாகிப்போன இரண்டு கடலைச் செடிகளை வைப்பேன். ஒன்றில் அடியிலைகள் வெளுத்திருக்கும், நுனி பச்சையாக இருக்கும். மற்றதில் நுனியின் இளம் இலைகள் வெளுத்து, நரம்பு மட்டும் பச்சைக் கோடாகத் தெரியும். முதலாவது தழைச்சத்து (நைட்ரஜன்) குறை. இரண்டாவது இரும்புச்சத்துக் குறை. சுண்ணாம்பு மிகுந்த மண்ணில் அடிக்கடி வருவது. அதற்கு யூரியா போட்டால் காசுதான் வீண். இரும்பு சல்பேட்டைக் கரைத்து இலைமேல் தெளிக்க வேண்டும். இந்தப் பாடம் எல்லாப் பாடநூலிலும் இருக்கிறது. தழைச்சத்து செடிக்குள் இடம்பெயரும், அதனால் அடியிலை முதலில் வெளுக்கும்; இரும்பு நகராது, அதனால் இளம் இலை வெளுக்கும் என்று ஒப்பிக்கவும் செய்கிறார்கள். ஆனால், செடியைக் கையில் கொடுத்தால் முதல் வகுப்பில் தேறியவர்களும் திகைத்து நிற்கிறார்கள். அதைக் குனிந்து பார்த்து, வேரைத் திருப்பி, "இது எந்த மண்ணில் வளர்ந்தது சார்?" என்று திருப்பிக் கேட்பவருக்கு அன்றே வேலை.

அடுத்தது கணக்கு. ஏக்கர் நெல்லுக்கு 60 கிலோ தழைச்சத்து, 20 கிலோ மணிச்சத்து (பாஸ்பரஸ்) என்று பரிந்துரை இருக்கிறது என்று வையுங்கள். உழவருக்குக் கிலோக் கணக்கு வேண்டாம், மூட்டைக் கணக்கு வேண்டும். 50 கிலோ டிஏபி உர மூட்டையில் 9 கிலோ தழைச்சத்தும் 23 கிலோ மணிச்சத்தும் இருக்கின்றன. 45 கிலோ யூரியா மூட்டையில் ஏறக்குறைய 20.7 கிலோ தழைச்சத்து. ஆக ஒரு மூட்டை டிஏபி, இரண்டரை மூட்டை யூரியா. வரப்பில் நின்றபடி இதைச் சொல்லத் தெரிந்த அலுவலரை உழவர் மறுபடியும் தேடி வருவார். மருந்து தெளிக்க ட்ரோன் வந்த பிறகு கணக்கின் தேவை கூடியிருக்கிறது. கைத்தெளிப்பானில் ஏக்கருக்கு 200 லிட்டர் வரை தண்ணீர் பிடிக்கும். ட்ரோனில் 10 லிட்டர் அளவில் முடிந்துவிடும். மருந்தின் அளவை லிட்டருக்கு இவ்வளவு என்று மட்டும் மனப்பாடம் செய்தவர் இங்கே தடுமாறிப்போவார்.

மண் மாதிரி எடுப்பதை ஏதோ உதவியாளர் வேலை என்று நினைக்கிறார்கள். வரப்போரம், மரநிழல், எருக்குவியல் இருந்த இடம் ஆகியவற்றைத் தவிர்த்து, வயலில் வளைந்து வளைந்து நடந்து, ஆங்கில 'வி' வடிவில் 15 செ.மீ. ஆழத்துக்கு வெட்டி, பக்கவாட்டு மண்ணைச் சுரண்டி, எல்லாவற்றையும் கலந்து, நான்காகப் பிரித்து எதிரெதிர்ப் பங்குகளை ஒதுக்கி, அரைக் கிலோவுக்குக் கொண்டுவர வேண்டும். இதில் சோம்பினால் ஆய்வகம் எவ்வளவு நவீனமாக இருந்தாலும் வரும் மண்வள அட்டை பொய்தான் சொல்லும்.

மேற்படிப்புக்கு உழவியலை, அதாவது பயிர்ச் சாகுபடிப் பாடத்தை, எடுக்க நினைப்பவர்களுக்கு ஒரு வார்த்தை: களை மேலாண்மையை ஆழமாகப் படியுங்கள். நடவுக்கு ஆள் கிடைக்காததால் நேரடி நெல் விதைப்பு பரவிக்கொண்டிருக்கிறது. அங்கே களைதான் முதல் எதிரி. எந்தக் களைக்கொல்லி, விதைத்து எத்தனையாவது நாள், வயலில் ஈரம் எப்படி இருக்க வேண்டும் என்று உறுதியாகச் சொல்லத் தெரிந்தவர்கள் எங்களைப் போன்ற நிறுவனங்களுக்குக் கிடைப்பதில்லை.

கல்லூரியில் இறுதியாண்டுக் கிராமத் தங்கல் பயிற்சியைப் புகைப்படம் எடுத்து அறிக்கை கொடுக்கும் சடங்காக முடித்துவிடாதீர்கள், தம்பி தங்கைகளே. மண்ணையும் பூச்சியையும் கற்றுத்தர ஊரில் ஆள் இருக்கும்போது கேட்டுக்கொள்ளுங்கள். வட்டாரச் சொற்களைக் குறித்துக்கொள்ளுங்கள். வேளாண் துறைச் சொல்லைச் சொன்னால் புரியாத இடத்தில் அவைதான் கைகொடுக்கும்.

கடைசியாக ஒன்று, இதைக் கோபத்தோடுதான் எழுதுகிறேன். வேளாண் கல்லூரி வகுப்புகளில் பெண்கள் நிறைந்திருக்கிறார்கள். களப்பணிக்கு ஆள் எடுக்கும்போது மட்டும் பல நிறுவனங்கள் "ஆண்கள் மட்டும்" என்று வெளிப்படையாகவே சொல்கின்றன. எங்கள் ஊரில் நடவு, களையெடுப்பு, கடலை ஆய்தல் எல்லாம் பெண்கள் கையில். எந்த வாய்க்காலோரம் எந்தக் களை முதலில் முளைக்கிறது என்பது அவர்களுக்குத்தான் தெரியும். எங்களிடம் இருக்கும் பெண் அலுவலரிடம் அவர்கள் மனம்விட்டுப் பேசுகிறார்கள். என்னிடம் "வீட்டுக்காரர்கிட்ட கேளுங்க சார்" என்று சொல்லி நிறுத்திவிடுகிறார்கள். மகளை வேளாண்மையில் சேர்க்கலாமா என்று தயங்கும் அப்பாக்கள் தயங்காமல் சேர்க்கட்டும். ஆள் எடுக்கும் இடத்தில் இருக்கும் என் நண்பர்களே, விளம்பரத்தில் அந்த இரண்டு சொற்களை இந்த ஆண்டாவது எடுத்துவிடுங்கள்.