இங்கிலாந்தில் ஓர் அறைக்கு எத்தனை பேர்? ஒரு திருத்தம்

கோவை, ஈரோட்டிலிருந்து இங்கிலாந்துக்குப் படிக்கப் போகும் பிள்ளைகளின் தங்குமிடம் பற்றிய பேச்சில், "ஓனர் சம்மதித்தால் ஓர் அறையில் எத்தனை பேரும் தங்கலாம், கவுன்சில் (அந்த ஊர் உள்ளாட்சி அமைப்பு) தலையிடாது" என்ற தகவல் சுற்றுகிறது. அது சரியல்லங்க.

ஒரே குடும்பம் அல்லாத 5 பேரோ அதற்கு மேலோ சமையலறை, கழிவறையைப் பகிர்ந்து தங்கும் வீட்டுக்கு, 2004 வீட்டுவசதிச் சட்டப்படி பொதுவாகக் கவுன்சில் உரிமம் கட்டாயம். 2018 அக்டோபர் முதல் அந்த உரிமத்தில் அறை அளவும் நிபந்தனை. தூங்கும் அறை பெரியவர் ஒருவருக்குக் குறைந்தது 6.51 சதுர மீட்டர், இருவருக்கு 10.22 இருக்க வேண்டும். நம் கணக்கில் சுமார் 70, 110 சதுர அடி. சாய்வுக் கூரை அறை என்றால் கவனியுங்கள், உயரம் 1.5 மீட்டருக்குக் குறைந்த இடம் சேராது.

சரிபார்ப்பது எளிது. உரிமம் பெற்ற வீடுகளின் பதிவேட்டை ஒவ்வொரு கவுன்சிலும் பொதுமக்கள் பார்வைக்கு வைக்க வேண்டும். கவுன்சில் பெயரோடு எச்.எம்.ஓ. (பலர் பகிர்ந்து தங்கும் வீடு) பதிவேடு என்று ஆங்கிலத்தில் (HMO register) தேடி, முகவரி இருக்கிறதா பாருங்கள். கடன் வாங்கி அனுப்பும் பெற்றோர் தயவுசெய்து முன்பணம் கட்டும் முன்பே பார்த்துவிடுங்கள். பதிவேட்டில் இல்லையென்றால் அந்தக் கவுன்சிலின் வீட்டுவசதிப் பிரிவுக்கே மின்னஞ்சல் போட்டுக் கேட்கலாம்.