கணுக்காலி படித்த பிள்ளைக்கு ஆர்த்ரோபோடா எதற்குப் புதிது?

அக்கா மகள் பத்தாவது வரைக்கும் பாலக்கோடு பக்கம் அரசுப் பள்ளியில் தமிழ் வழி. இந்த வருஷம் பதினொன்று, தருமபுரியில் ஆங்கில வழி. போன ஞாயிற்றுக்கிழமை போனபோது திண்ணையில் உட்கார்ந்து, விலங்கியலில் நட்சத்திர மீன் வகையறாவுக்கு வரும் ‘எகைனோடெர்மேட்டா’ என்ற ஒரே சொல்லைப் பக்கம் முழுக்க எழுதிக்கொண்டிருந்தாள். நடுவில் ஒரு வரியில் எழுத்து ஒன்று விட்டுப்போய், அதைப் பார்த்துப் பார்த்து எழுதியதில் கீழே இருந்த வரி எல்லாமே தப்பு. “ஸ்பெல்லிங் நிக்கவே மாட்டேங்குது மாமா” என்றாள். கண் கலங்கியிருந்தது.

எனக்கு வயிறு எரிந்தது. இந்தச் சொல்லை அவள் ஏற்கெனவே படித்தவள். ‘முட்தோலி’ என்று படித்தாள். கிரேக்கத்தில் எகைனோஸ் என்றால் முள்ளெலி, டெர்மா என்றால் தோல். முள், தோல், அவ்வளவுதான். டெர்மா தெரிந்துவிட்டால் தோல் டாக்டர் போர்டில் இருக்கும் ‘டெர்மடாலஜி’யும் தானாகப் புரியும்.

நம் பாடநூலுக்குச் சொல் ஆக்கியவர்கள் எவ்வளவு உழைத்திருக்கிறார்கள் என்று அன்றைக்குத்தான் முழுசாகத் தெரிந்தது. கிரேக்கத்தில் ஆர்த்ரோன் மூட்டு, போடோஸ் காலுடைய, ஆர்த்ரோபோடா அதுதான் கணுக்காலி. கெஃபலே தலை, செஃபலோபோடா தலைக்காலி. காஸ்டர் வயிறு, காஸ்ட்ரோபோடா வயிற்றுக்காலி. லத்தீனில் மொல்லிஸ் என்றால் மென்மை, அதனால் மொலஸ்கா மெல்லுடலி. ஒளிச்சேர்க்கையும் அப்படியே: ஃபோட்டோ ஒளி, சிந்தசிஸ் சேர்த்து வைத்தல். தமிழ் வழியில் படித்த பிள்ளை பொருளை முழுசாகக் கையில் வைத்திருக்கிறது. ஆங்கில வழிக்கு மாறும் அன்றைக்கு அதையெல்லாம் மூட்டை கட்டி வைத்துவிட்டு எழுத்தெழுத்தாக மனப்பாடம் செய்யச் சொல்கிறோம்.

அக்கா வீட்டில் பட்டுப்புழு வளர்க்கிறார்கள். அவளை ஷெட்டுக்குக் கூட்டிப்போய் மல்பெரி இலையோடு ஒரு புழுவை எடுத்துக் காட்டினேன். முன்பக்கம் மூன்று ஜோடி குட்டிக் கால்கள், கணுக்கணுவாக. பின்னால் இருப்பவை சதைப்பற்றான பொய்க்கால்கள். “இதுதான் ஆர்த்ரோ, இதுதான் போடா” என்றேன். உடனே அவள் கேட்டாள்: “அப்போ அம்மாயிக்கு வந்திருக்கிற ஆர்த்ரைட்டிஸ்?” அதே மூட்டுதான். அந்தப் புழுவின் அறிவியல் பெயர் பாம்பிக்ஸ் மோரி. மோரஸ் என்பது லத்தீனில் மல்பெரி மரம். பட்டு வந்த திசையில் இருந்த மக்களைக் கிரேக்கர்கள் ‘செரஸ்’ என்றார்கள். செரிகல்ச்சர் ஆபீஸ் என்று தினமும் சொல்கிறோமே, அந்தச் ‘செரி’ அங்கிருந்து வந்தது.

நம் மாவட்டத்துப் பிள்ளைகளின் பல்லில் காவி ஏறக் காரணமான ஃபுளோரோசிஸையும் பிரித்துப் பாருங்கள். ஃபுளுவோ என்றால் லத்தீனில் ஓடுவது. ஃபுளோரைட் கல்லைத் தாதுவோடு போட்டால் சுலபமாக உருகி ஓடும் என்பதால் வந்த பெயர். ‘ஓசிஸ்’ கிரேக்கம், உடலின் நிலையைச் சொல்வது. ஒகேனக்கல் குடிநீர்த் திட்டத்தின் முழுப்பெயரிலேயே இந்தச் சொல் இருக்கிறது.

வேர் தெரிந்தால் எல்லாம் சரியாகிவிடும் என்று சொல்லவில்லை. ஆக்சிஜன் என்றால் ‘அமிலத்தை உண்டாக்குவது’. எல்லா அமிலத்திலும் அது இருக்கிறது என்று பிரெஞ்சு வேதியியலாளர் லவாய்சியே நம்பி வைத்த பெயர். ஹைட்ரோகுளோரிக் அமிலத்தில் ஆக்சிஜனே கிடையாது. முன்னால் வரும் எழுத்து ஒரே மாதிரி இருந்தாலும் பெடஸ்ட்ரியனில் அது கால், பீடியாட்ரிக்கில் குழந்தை. ஒன்று லத்தீன், மற்றது கிரேக்கம். இந்த மாதிரி இடங்களை ஆசிரியர்தான் கூட இருந்து சொல்ல வேண்டும்.

நான் கல்லூரி முதல் வருஷம் விலங்கியலில் அரியர் வைத்தவன். வகுப்பில் சொற்களை வரிசையாகப் படித்துக்கொண்டே போவார்கள். ஒன்றையாவது பிரித்துக் காட்டியவர் இல்லை. எனக்கு மூளை இல்லை என்றே ரொம்ப வருஷம் நினைத்திருந்தேன். ‘நடந்தனன்’ என்ற சொல்லைப் பகுதி, சந்தி, விகாரம், இடைநிலை, சாரியை, விகுதி என்று பிரித்து முழு மதிப்பெண் வாங்கியவன் நான். இதையும் அப்படிப் பிரிக்கலாம் என்று ஒருவர் சொல்லியிருந்தால் போதும்.

பதினொன்றாம் வகுப்பு எடுக்கும் ஆசிரியர்களே, முதல் வாரத்தில் இரண்டு பீரியட் இதற்கு ஒதுக்குங்கள். பழைய தமிழ் வழிப் புத்தகத்தையும் கொண்டுவரச் சொல்லுங்கள். பிள்ளைகளே பிரிக்கட்டும். எங்கள் பிள்ளை நேற்று மாமரத்தின் அறிவியல் பெயரை எடுத்துக்கொண்டு வந்தாள், மாஞ்சிஃபெரா. ‘ஃபெரா’ தாங்குவது என்று சொன்னேன். முன்னால் இருப்பது போர்ச்சுகீசியர் வாயில் ‘மாங்கா’ என்று போன நம் மாங்காய்தான் என்று சொன்னதும், நோட்டில் அதை மட்டும் சிவப்பு மையில் எழுதி வைத்துக்கொண்டாள்.