நன்றாக வீசுகிறவர் கையிலிருந்து பந்தை ஏன் பிடுங்குகிறீர்கள்?

இன்னும் எத்தனை பேஸ்பால் ஆட்டங்களில் இந்தக் கொடுமையைப் பார்ப்பது? ஸ்கோர் 1-0. பந்து வீசுகிற பிட்சர் பிய்த்து உதறிக்கொண்டிருக்கிறார். எதிரணிக்காரர்கள் பந்து வரும் வழியே புரியாமல் காற்றில் மட்டையைச் சுழற்றுகிறார்கள். அந்த நேரம் பார்த்து அணியை நடத்தும் மேனேஜர் எழுந்து நடந்து வருவார், வேறு பிட்சரை இறக்க, பந்தைக் கேட்டுக் கையை நீட்டிக்கொண்டு. எனக்கு வயிறு எரிகிறது!

2020 அக்டோபர் 27, டெக்சாஸில், அமெரிக்க பேஸ்பாலின் இறுதிச் சுற்றான உலகத் தொடரின் ஆறாவது ஆட்டம். எதிரே லாஸ் ஏஞ்சலஸ் டாட்ஜர்ஸ். தோற்றால் டாம்பா பே ரேஸுக்குத் தொடரே போச்சு. ரேஸின் அரோசரேனா முதல் இன்னிங்ஸிலேயே பந்தை எல்லைக்கு வெளியே அனுப்பி ஹோம் ரன் அடித்துக் கொடுத்தார். அதைக் காப்பாற்ற நின்ற பிளேக் ஸ்னெல் வீசியது 73 பந்துதான். மூன்று ஸ்டிரைக்கில் பேட்டரை வெளியேற்றும் ஸ்டிரைக் அவுட் 9; தப்பான பந்துகளால் பேட்டருக்கு முதல் பேஸை இலவசமாகக் கொடுக்கும் ‘வாக்’ ஒன்றுகூடக் கிடையாது. மூக்கி பெட்ஸ், கோரி சீகர், ஜஸ்டின் டர்னர் என்று டாட்ஜர்ஸின் முதல் மூன்று பேரும் ஆளுக்கு இரண்டு தடவை வந்தார்கள். ஆறு தடவையும் ஸ்டிரைக் அவுட்! ஆறாவது இன்னிங்ஸில் கடைசி வரிசை ஆஸ்டின் பார்ன்ஸ் ஒரு சிங்கிள் அடித்து முதல் பேஸுக்குப் போனார். அன்று ஸ்னெல் கொடுத்த இரண்டாவது ஹிட் அது. அதற்கே மேனேஜர் கெவின் கேஷ் வந்து அவரைத் தூக்கிவிட்டார்.

வந்தவர் நிக் ஆண்டர்சன். முந்தைய ஆட்டங்களில் வரிசையாக ரன் கொடுத்துக்கொண்டிருந்தவர். பெட்ஸ் உடனே டபுள் அடித்து இரண்டாவது பேஸுக்குப் போனார், கைதவறிப்போன ஒரு வைல்டு பிட்சில் பார்ன்ஸ் ஓடிவந்து ரன் எடுத்தார், சீகரின் தரைப்பந்தில் பெட்ஸும் வந்துவிட்டார். கடைசியில் 3-1, கோப்பை டாட்ஜர்ஸுக்கு. ஸ்னெல் வெளியேறியதில் தனக்கு நிம்மதி என்று பெட்ஸே பிறகு சொன்னார். எதிரிக்கு நிம்மதி தருகிற முடிவை எடுக்க ஒரு மேனேஜர் எதற்கு?

காரணம் தெரியும். ஒரே பிட்சரை மூன்றாவது முறை சந்திக்கும்போது பேட்டருக்குப் பந்து பழகிவிடுமாம். கணக்கு பொய்யில்லை. ஆனால் அது எல்லாப் பிட்சர்களையும் எல்லா நாட்களையும் கூட்டி வகுத்த சராசரி ஐயா! அன்றைக்குப் பிட்சரின் மேட்டில் நின்றது சராசரி அல்ல, யாராலும் தொட முடியாத ஒரு மனிதர். கண்ணெதிரே நடப்பதைக் கண் பார்க்க வேண்டாமா?

இதே அக்டோபர் 27, 1991. மினியாபொலிஸில் உலகத் தொடரின் ஏழாவது ஆட்டம். மினசோட்டா ட்வின்ஸுக்கு ஜாக் மோரிஸ், வயது 36. அட்லாண்டா பிரேவ்ஸுக்கு ஜான் ஸ்மோல்ட்ஸ், வயது 24. இரண்டு பேரும் ரன்னே விடவில்லை. எட்டாவதில் ஸ்மோல்ட்ஸ் போனார், மோரிஸ் போகவில்லை. அதே இன்னிங்ஸில் மூன்று பேஸும் நிரம்பி ஒரே அவுட் என்ற நிலையிலும், ஒரே பந்தில் இரண்டு பேர் அவுட்டாகும் டபுள் பிளே வரவழைத்துத் தப்பினார். வழக்கமான ஒன்பது இன்னிங்ஸ் முடிந்ததும் மேனேஜர் டாம் கெல்லி அவரை எடுக்கத்தான் நினைத்தார். மோரிஸ் மறுத்தார், கெல்லி அந்த ஆளின் கண்ணைப் பார்த்து விட்டுக்கொடுத்தார். பத்து இன்னிங்ஸ், 126 பந்து. ஜீன் லார்கின் அடியில் டான் கிளாடன் ஓடிவர 1-0.

1968இல் பிட்சர் பாப் கிப்சன் ஒருவரே 28 ஆட்டங்களை முழுசாக வீசி முடித்தார். இன்று 30 அணிகளும் சேர்ந்து ஒரு சீசனில் முப்பது சொச்சம் தேறினாலே அதிகம். கை பாழாகும் என்று சீசன் தொடக்கமான ஏப்ரலில் சொல்லுங்கள், கேட்டுக்கொள்கிறேன். அக்டோபரில், தோற்றால் வீடு என்கிற ராத்திரியில், யாருக்காக அந்தக் கையை மிச்சம் பிடிக்கிறீர்கள்? ஸ்னெல்லை விட்டிருந்தால் அவர் அடி வாங்கியிருக்கலாம். வாங்கட்டுமே! அன்றைக்கு அணியிலேயே நன்றாக வீசியவர் கையால் தோற்றிருப்பார்கள்.