புத்தர் சோற்றை வெறுக்கச் சொன்னாரா?

சேலம் வாட்ஸ்அப் குழுக்களில் ஒரு செய்தி சுற்றுகிறது: “தலைவெட்டி முனியப்பன் கோயிலில் இருப்பது புத்தர். அவர் சோற்றையே அருவருக்கச் சொன்னவர். அவருக்கு எதற்குப் படையல்?”

முதல் பகுதி சரி. அது புத்தர் சிலைதான் என 2022-இல் சென்னை உயர் நீதிமன்றம் சொன்னது. இரண்டாவது பகுதி தவறு.

உணவில் அருவருப்பைக் காணும் தியானம் ஒன்று பௌத்தத்தில் உண்டு. 5ஆம் நூற்றாண்டில் புத்தகோசர் என்ற பௌத்தத் துறவி எழுதிய ‘விசுத்தி மக்க’ என்ற நூல் அதைப் பத்து வகையாக விவரிக்கிறது: பிச்சைக்கு நடப்பது, மெல்லும்போது எச்சிலில் குழைவது, வயிற்றில் செரிப்பது, கழிவாக வெளியேறுவது என்று. படிக்கவே வயிறு குமட்டும். ஆனால் அங்கே விடச் சொல்வது சுவை மீதான வேட்கையை, சோற்றை அல்ல. தியானம் செய்யும் துறவியும் தினமும் பிச்சை ஏற்று உண்பவர்தான். குண்டு மாம்பழத்தை ஒருவர் ருசித்துத் தின்பதில் பிழையில்லை. இன்னொன்று கிடைக்காதா என மனம் அலைவதைத்தான் கவனிக்கச் சொல்கிறார்கள்.

புத்தரே கடும் பட்டினி கிடந்து, அது பயனற்றது என்று கைவிட்டு, சுஜாதை தந்த பால்சோற்றை உண்டவர். தமிழின் பௌத்தக் காப்பியத்து மணிமேகலை, அமுதசுரபி ஏந்திப் பசித்தவர்க்குச் சோறிட்டவள். இவர்களையா சோற்றை வெறுத்தவர்கள் என்பது? அந்தச் செய்தியை இனி யாருக்கும் அனுப்பாதீர்கள்.